நாயாற்றிலிருந்து யோனாஸின் அம்மாவுக்கு

மொழிபெயர்க்கப் பழக வந்திருக்கும் உங்களுக்கு முதல் நாள் வகுப்பில் என்ன சொல்லித் தந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்தக் கருத்து இருக்கக் கூடாது, சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். நானும் ஓய்வு பெறும்வரை புதிதாக வந்தவர்களுக்கு இதைத்தான் சொன்னேன். ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்டது வகுப்பில் அல்ல, ஒரு ஹெலிகொப்டர் விமானியிடம். வன்னியில் இருந்த ஒரு வருடத்துக்கும் மேலான காலத்தில் அவர் ஒரு ஹெலிகொப்டரையும் தொடவில்லை.

நான் ஒட்டுசுட்டானில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தவள். 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது அதைக் கண்காணிக்க வெளிநாட்டவர்கள் வெள்ளை வாகனங்களில் வந்தார்கள். எங்கள் சனத்தோடு பேச அவர்களுக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. அந்த வருடக் கடைசியில் நான் பள்ளிக்கூடத்தில் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வேலைக்குப் போனேன். போவதற்கு முன், நீதிமன்றத்தில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு பெரியவரிடம் யோசனை கேட்டேன். "பிள்ளை, ரெண்டு பக்கமும் சண்டை பிடிக்காமல் எழும்பிப் போகோணும். அதுக்கேத்த மாதிரிச் சொல்லிவிடு" என்றார். அவர் மிக நல்ல மனிதர். அவர் சொன்னது பிழை என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் எடுத்தது.

யோனாஸும் அப்போதுதான் வந்தார். வடக்கே பனி விழும் நாடொன்றின் கடற்படையில் விமானி. கடலில் விழுந்தவர்களை ஹெலிகொப்டரிலிருந்து கம்பி இறக்கித் தூக்குவதுதான் அவருடைய வேலை. அதிலிருந்து இரவலாக இங்கே அனுப்பியிருந்தார்கள். வயது இருபத்தேழு. ஆறடிக்கு மேல் உயரம், வெயில் பட்டால் மூக்கு மட்டும் தனியாகச் சிவக்கும். எல்லோரும் என்னை "ரீச்சர், ரீச்சர்" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார். இரண்டு வாரம் "மிசிஸ் ரீச்சா" என்று கடுதாசிகளில் எழுதினார். நான் திருத்தவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. உண்மை தெரிந்தபின்னும் அப்படியே கூப்பிட்டார். கண்டிவீதியின் குழிகளில் வாகனம் விழுந்து எழும்பும்போதெல்லாம் மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். "பனிப்புயலில் பறந்திருக்கிறேன். இப்படிப் பயந்ததில்லை" என்பார்.

இனி என் முதல் பிழையைச் சொல்கிறேன்.

ஜெயபுரத்தில் ஒரு விவசாயி இருந்தார், செல்லத்துரை அண்ணை. அவருடைய வயலில் மிதிவெடி இருப்பதாக மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தார்கள். பலகை நின்றது, வேறொன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டது, பக்கத்து வயல்களில் விதைத்துவிட்டார்கள். நாங்கள் போய் இறங்கினோம். யோனாஸ் குறிப்பெழுதும் கொப்பியைத் திறந்து விபரம் கேட்டார். செல்லத்துரை அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உவையள் தேத்தண்ணி குடிக்கத்தான் வருகினம். முந்தி வந்தவரும் எழுதினவர், அதுக்கு முந்தி வந்தவரும் எழுதினவர். எழுதின கொப்பியை வயலுக்கை விதைச்சால் முளைக்குமோ எண்டு கேளுங்கோ ரீச்சர்."

நான் நீதிமன்றப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில், "நீங்கள் வந்தது அவருக்குச் சந்தோசம். விரைவில் தீர்வு கிடைக்கும் என்று நம்புகிறார்" என்றேன். யோனாஸ் நன்றி சொன்னார். நாங்கள் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினோம். எழும்பும்போது செல்லத்துரை அண்ணை வெற்றுக் கோப்பைகளைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் ஞாபகம்.

வாகனத்தில் கொஞ்ச தூரம் வந்தபின் யோனாஸ் கேட்டார். "அவர் நீளமாகப் பேசினார். என் கொப்பியை விரலால் காட்டினார். நீங்கள் எனக்கு இரண்டு சின்ன வசனம் தந்தீர்கள். அதில் கொப்பி எங்கே?"

உள்ளதைச் சொன்னேன். கொப்பி முளைக்குமா என்று கேட்டதையும் சொன்னேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சாரதியிடம் வாகனத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னார். "ஹெலிகொப்டரை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திவைக்கும்போது, எனக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது" என்றார். "பின்கதவில் ஒருவர் படுத்திருந்து கீழே பார்த்துச் சொல்வார். இரண்டு மீற்றர் இடப்பக்கம், ஒரு மீற்றர் கீழே, இப்போது அலை வருகிறது. அவர் எனக்குப் பிடித்ததைச் சொன்னால் கம்பியில் தொங்குகிறவன் பாறையில் மோதுவான். இந்த ஊரில் கதவில் படுத்திருப்பது நீங்கள், மிசிஸ் ரீச்சா."

அடுத்த நாள் காலை திரும்பப் போனோம். நேற்று நான் பிழையாகச் சொன்னதை செல்லத்துரை அண்ணையிடம் நானே சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. யோனாஸ், வழி முழுவதும் பாடமாக்கி வந்த ஒரே தமிழ் வசனத்தைச் சொன்னார்: "எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்." பிறகு என் வாயால், பதில் கிடைக்கும்வரை வந்துகொண்டே இருப்பேன், அதுவரை இந்த வீட்டில் ஒன்றும் குடிக்க மாட்டேன் என்றார். அப்படியே மூன்று தரம் வந்தார், மூன்று தரமும் குடிக்கவில்லை. நான்காம் தரம் போனபோது மிதிவெடி அகற்றுகிறவர்கள் வயலில் கயிறு கட்டி வேலை தொடங்கியிருந்தார்கள். செல்லத்துரை அண்ணையின் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றா.

"இண்டைக்குக் குடிக்காமல் போகேலாது எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ."

யோனாஸ் மூன்று கோப்பை குடித்தார். குடிக்காத மூன்று தரத்துக்கும் ஒவ்வொன்று என்று விளக்கம் வேறு.

அதற்குப் பிறகு நான் ஒரு சொல்லையும் மென்மைப்படுத்தவில்லை. ஆனால் கவனமாக இருப்பது ஒன்று, விளங்கிக்கொள்வது இன்னொன்று. அதை நாயாறு எனக்குக் காட்டியது.

அடுத்த ஆடி மாதம். கிழக்குக் கடற்கரையில் இருக்கும் நாயாற்றில் ஒரு மீன்பிடிப் படகு கரைக்கு வரவில்லை என்று செய்தி வந்தது. முதல் நாள் பின்னேரம் அந்தோனி என்பவரும் அவருடைய மச்சானும் போயிருந்தார்கள். விடிய வரவேண்டியவர்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும். கரை முழுக்கச் சனம். அரசாங்கக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு கதை அதற்குள் கிளம்பி, எல்லோரும் அதை நம்பியிருந்தார்கள். எங்கள் வாகனத்துக்குப் பின்னால் இளைஞர்கள் சைக்கிள்களை வீதிக்குக் குறுக்கே போட்டார்கள்.

"எங்கடை ஆக்கள் வந்தால்தான் வாகனம் போகும்" என்றான் ஒருவன். சொன்னபடி சொன்னேன்.

யோனாஸ் தலையாட்டினார். "சரி, நான் போக வரவில்லை. படகுக்காரரின் வீட்டார் யார்?"

அந்தோனியின் மனைவி றீற்றா முன்னால் வந்தா. சின்ன உருவம், அழுது முடித்திருந்தா. யோனாஸின் பெயரைச் சொன்னதும் அவவுக்குப் பின்னால் நின்ற படகுகள் வைத்திருக்கும் ஒரு வயதான சம்மாட்டியார், "மீன் விழுங்கின யோனாவோ?" என்று கேட்டார். கத்தோலிக்கக் கரை அது, எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். நான் சொன்னதும் யோனாஸ், "ஓம், ஆனால் மீன் என்னைத் துப்பும்போது கரையை மாற்றித் துப்பிவிட்டது" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். சைக்கிள்கள் அப்படியே கிடந்தன.

அவர் கேள்விகளை வேகமாகக் கேட்டார். எத்தனை மணிக்குப் போனார்கள், என்ன இயந்திரம், எவ்வளவு எண்ணெய். பிறகு இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டார். கையில் என்ன கொண்டு போனார்கள், காலநிலை எப்படி இருந்தது. நானும் இரண்டையும் ஒன்றாகவே கேட்டேன்: "என்னத்தோடை போனவை, காலநிலை எப்பிடி?"

"கச்சானோடை போனவை" என்றா றீற்றா. "வேறை ஒண்டுமில்லை."

எங்கள் பக்கத்தில் கச்சான் என்றால் இரண்டு. கோயில் திருவிழாவில் கடுதாசிச் சுருளில் விற்கும் வறுத்த நிலக்கடலையும் கச்சான்தான். ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து நிலத்தைச் சுட்டுக்கொண்டு வந்து கடலுக்குள் இறங்கும் காற்றும் கச்சான்தான். நான் உள்நாட்டுக்காரி. என் முதுகுக்குப் பின்னால் சனம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "நிலக்கடலை கொண்டு போனார்கள், வேறொன்றுமில்லை. காலநிலையிலும் ஒன்றுமில்லை" என்றேன்.

அந்த நேரம் காற்று கடலிலிருந்து கரைக்கு மெல்ல வீசிக்கொண்டிருந்தது. யோனாஸ் அதைக் கணக்கில் எடுத்தார். இயந்திரம் நின்றிருந்தால் படகு கரையோரமாகவே ஒதுங்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். வாகனத்தில் இருந்த ரேடியோவில் எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டு, கரையோரத்தில் ஒரு பகுதியைச் சொன்னார். அங்கே தேடப் போகும் படகுகளை ஒருவரும் மறிக்கக் கூடாது என்று போரிட்ட இரு தரப்புக்கும் அறிவிக்கச் சொன்னார். அனுமதியில்லாமல் ஆழக்கடலுக்குப் போக அந்தக் காலத்தில் ஒருவருக்கும் துணிவில்லை. அதனால்தான் விடியற்காலையில் தேடப் போனவர்களும் கொஞ்சத் தூரத்தோடு திரும்பியிருந்தார்கள். ஆக, அவர் எந்தப் பகுதியைச் சொல்கிறாரோ அந்தப் பகுதியில்தான் தேடலாம்.

படகுகளைத் தள்ளத் தொடங்கினார்கள். அப்போது யோனாஸ் கொப்பியைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்டார். அந்த நிலக்கடலை எவ்வளவு நேரத்துக்குப் போதும்?

நான் சம்மாட்டியாரிடம் கேட்டேன். "அந்தக் கச்சான் எவ்வளவு நேரத்துக்குக் காணும்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "காணுறதோ? அது விடிய ஒன்பது மணி மட்டும் நிண்டு அடிச்சதல்லோ."

இந்த இடத்தை நான் உங்களுக்கு அவசரப்படாமல் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இது வரும். பிழை விளங்கிய அடுத்த கணத்தில் மனம் வேலை செய்யத் தொடங்கும். இப்போது சொன்னால் இந்தச் சனம் என்ன செய்யும்? மெல்ல வேறு விதமாக, புதிதாக ஒரு தகவல் வந்தது போலச் சொல்லிவிடலாமா? ஒரு வசனம் போதும், ஒருவருக்கும் தெரியாது. நான் அந்த வசனத்தை ஆங்கிலத்தில் கட்டியும் விட்டேன்.

ஆனால் அப்படிச் சொன்னால் அவர் முதல் கணக்கை வைத்துக்கொண்டு இதையும் அதற்குப் பக்கத்தில் எழுதுவார். முதல் கணக்கே இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"நான் பிழை விட்டுவிட்டேன்" என்றேன், ஆங்கிலத்தில். "நிலக்கடலை இல்லை. அது காற்று. மேற்குக் காற்று. இரவு முழுக்க, காலை ஒன்பது மணிவரை அடித்திருக்கிறது." பிறகு சனத்தின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன். காத்தைத் தின்னுற கச்சான் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப திருத்திச் சொல்லியிருக்கிறன்."

சைக்கிளைக் குறுக்கே போட்ட இளைஞன் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் றீற்றா பேசினா.

"தின்னுற கச்சானும் கொஞ்சம் கொண்டு போயிருக்கலாம். பாவங்கள், பசியோடை இருக்குங்கள்."

யோனாஸ் அதற்குள் ரேடியோவில் இருந்தார். முன்பு சொன்ன பகுதியை அழிக்கும்படி சொன்னார். யாருடைய பிழை என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். "காற்றைக் கேட்காமல் விட்டது விமானி" என்று பதில் சொன்னார். பிறகு மணலில் குந்தினார், அதாவது குந்த முயன்று ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தார். சம்மாட்டியாரும் அவரும் தடியால் கோடு கீறினார்கள். இரவில் அடித்த காற்று எவ்வளவு, விடிந்தபின் எவ்வளவு, நீரோட்டம் எந்தப் பக்கம். சம்மாட்டியார் ஒரு இடத்தில் தடியை ஊன்றினார். யோனாஸ் அதற்கு ஒரு சாண் வடக்கே ஊன்றினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். அந்த வாதத்தை மொழிபெயர்த்ததுதான் என் வேலைக்காலத்திலேயே எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோசம். கடைசியில் இரண்டு தடிக்கும் இடைப்பட்ட கடல் முழுவதற்கும் அனுமதி கேட்டார்கள். அனுமதி வர ஒரு மணித்தியாலம் எடுத்தது, ஆனால் வந்தது. இடம்பெயர்ந்துபோய் அண்மையில்தான் முல்லைத்தீவுக்குத் திரும்பியிருந்த றகீம் நானா, மீன் ஏற்ற வந்த தன் லொறியிலிருந்து மண்ணெண்ணெய்ப் பீப்பாக்களை ஒருவரும் கேட்காமலே உருட்டிவிட்டார்.

ஆறு படகுகள் போயின. யோனாஸ் கரையில் அங்கும் இங்கும் நடந்தார். "என்னுடைய இயந்திரம் இருந்தால் இருபது நிமிட வேலை" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். மத்தியானம் ஒருவரும் சாப்பிடவில்லை.

வெயில் சாயும் நேரம் ஒரு படகு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. றீற்றா குதியை உயர்த்தி எட்டிப் பார்த்தா. "ரெண்டு தலையும் தெரியுது" என்றா, மிகச் சாதாரணமான குரலில். பிறகு மணலில் குந்திவிட்டா.

அந்தோனிக்கு உதடு வெடித்திருந்தது, வேறொரு குறையும் இல்லை. இயந்திரம் நின்றதுதான் காரணம், ஒருவரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. சைக்கிள்களை எடுத்த இளைஞர்கள் எங்களைப் போக விடவில்லை, இப்போது சாப்பிடாமல் போகக் கூடாது என்பதற்காக. நண்டுக் கறியும் சோறும். யாரோ கடைக்கு ஓடி ஒரு சுருள் வறுத்த கச்சான் வாங்கிவந்து, எல்லோருக்கும் முன்னால் என் கையில் தந்தார்கள். அதன் பிறகு எப்போது நாயாற்றுக்குப் போனாலும் எனக்குக் கச்சான் கிடைக்கும்.

திரும்பி வரும்போது யோனாஸ் சொன்னார். "கடலிலிருந்து பலரைக் கம்பியால் தூக்கியிருக்கிறேன். இன்றைக்கு இரண்டு பேரை நாக்கால் தூக்கினோம். அதுவும் என்னுடைய நாக்கில்லை."

அந்த வருட முடிவில் அவர் ஊருக்குத் திரும்பினார். போவதற்கு முன் ஜெயபுரத்துக்கும் நாயாற்றுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டார். மறுபடி பறக்கப் போகிறார் என்பதில் அவருக்கு இருந்த சந்தோசத்தைக் கண்டு எனக்கே பறக்க ஆசை வந்தது.

ஐந்து மாதத்துக்குள் செய்தி வந்தது. பயிற்சிப் பறப்பொன்றில் அவருடைய ஹெலிகொப்டர் கடலில் விழுந்துவிட்டது. போரில்லை, புயலில்லை, நல்ல வெளிச்சமான நாள். கூட இருந்த மூன்று பேரை உயிரோடு எடுத்தார்கள். யோனாஸைக் கண்டெடுக்கவில்லை.

அலுவலகத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். நாயாற்றுக்கு யார் போய்ச் சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானே போனேன். வழியில் பல வசனங்களைக் கட்டிப் பார்த்தேன். சுகமில்லாமல் போனார் என்று தொடங்கலாமா, விபத்து என்று மட்டும் சொல்லலாமா. இறங்கியதும் றீற்றா கச்சான் சுருளோடு வந்தா. நான் கட்டிய வசனம் ஒன்றும் வரவில்லை.

"யோனாஸ் செத்துப் போனார், றீற்றா. பறந்துகொண்டிருக்கேக்கை கடலுக்கை விழுந்திட்டுது."

அவ சுருளைக் கீழே வைத்தா. "தேடினவையோ?"

"ஓம். கன நாள் தேடினவை. கிடைக்கேல்லை."

"அண்டைக்கு என்ன காத்து?" என்று அந்தோனி கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றேன். அதுவும் ஒரு பதில்தான். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள்.

அவர்கள் அழுதார்கள், நானும் அழுதேன். பின்னேரமானதும் றீற்றா, "அவரின்ரை அம்மாவுக்கு ஒரு கடிதம் போடோணும்" என்றா. ஒரு கதிரையில் என்னை இருத்தி, கொப்பியைத் தந்து, சுற்றி நின்று சொல்லத் தொடங்கினார்கள். முதலில் எல்லாம் ஒழுங்காக வந்தது. நல்ல மனிதர், எங்கள் ஆட்களைத் தேடித் தந்தவர், பூசையில் மன்றாடுகிறோம். றீற்றா சொன்னது: "எங்களுக்கு உங்கடை கடல் தெரியாது. தெரிஞ்சிருந்தால் நாங்களும் தேட வந்திருப்பம்."

பிறகு ஒழுங்கு குலைந்தது. அவர் நண்டின் ஓட்டையும் கடித்துத் தின்னப் பார்த்ததை ஒருவர் சொன்னார். கருவாட்டு மணம் பிடித்துப் போய்ச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனதை இன்னொருவர் சொன்னார். அழுத கண்ணோடு சிரிக்கத் தொடங்கினார்கள். அந்தோனி சொன்னார்: "என்ரை போட்டிலை ஏற வந்து, தலைகுப்புறத் தண்ணிக்கை விழுந்தவர். பெரிய பைலட். முழங்கால் தண்ணி. அதை எழுதுங்கோ ரீச்சர்."

என் பேனா நின்றது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு, அவன் தண்ணீரில் விழுந்த பகிடியை எழுதுவதா?

"அதை விடுவம் அந்தோனி" என்றேன்.

"ஏன்? நடந்ததுதானே. அவர் எழும்பி எங்களோடை சேந்து சிரிச்சவர்."

எனக்குச் சரியென்று படவில்லை. ஆனால் அது என் கடிதமில்லை. எழுதினேன். அன்றிரவே ஆங்கிலமாக்கினேன், ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. தபாலில் போட்டபின் இரண்டு கிழமை நித்திரை சரியாக வரவில்லை.

பதில் வந்தது. நாயாற்றுச் சனத்துக்கு என்று எழுதி, என் அலுவலக விலாசத்துக்கு. கரையில் எல்லோரும் கூடியபிறகுதான் பிரித்தேன், அவர்களுக்கு முன்னால் நேரே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். தாய் எழுதியிருந்தா: "எனக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பெரிய அதிகாரிகள் எழுதினார்கள். எல்லாக் கடிதங்களிலும் ஒரு வீரன் இருந்தான். உங்கள் கடிதத்தில் என் மகன் இருந்தான். அவன் உங்கள் படகில் ஏறப்போய் விழுந்த இடத்தைப் படித்தபோது, அவன் போனபிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். ஏழு வயதில் புதுச் சப்பாத்தோடு எங்கள் துறையிலும் அப்படித்தான் விழுந்தான். தூக்கி எடுத்தபோது என்ன சொன்னான் தெரியுமா? படகுதான் அசைந்தது, நான் அசையவில்லை என்றான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தோனி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சையும் அதைத்தான் சொன்னவர்" என்றார். "போட்டுத்தான் ஆடினது, நான் ஆடேல்லையெண்டு. நீங்கள்தானே ரீச்சர் எங்களுக்குத் தமிழிலை சொன்னனீங்கள்."

சொல்லியிருக்கிறேன். எனக்கு மறந்தே போயிருந்தது.